மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் பிக்கப்: கிளட்ச் முதல் கிரவுன் வரை

முதல் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது வண்டிக்கு அடியில் ஒரு ‘டக்’. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு ‘டக்’. 2,80,000 கிலோமீட்டர் ஓடிய பொலேரோ பிக்கப்பை நான் வாங்கியபோது இந்தச் சத்தமும் கூடவே வந்தது. பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல், “கிரவுன் போயிடுச்சு தம்பி, செட்டா மாத்திடலாம்” என்றார் அங்கிருந்தவர். மாற்றினோம். பில் ஆயிரக்கணக்கில் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அதே ‘டக்’. கடைசியில் பார்த்தால், பழுது இருந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு யூ.ஜே. கிராஸில் (ஷாஃப்டின் முனையில், சாய்ந்த நிலையிலும் சுற்ற விடும் யூனிவர்சல் ஜாயின்டின் நடுப்பாகம்).

அன்றிலிருந்து சத்தத்தை மட்டும் நம்பி எதையும் மாற்றுவதில்லை. ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கையால் பிடித்துப் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறப்பது. பழைய பிக்கப்பை முதன்முதலாக வாங்கியவர்களுக்கு நான் சொல்லித்தரக்கூடியது முக்கியமாக இந்த ஒன்றைத்தான். கீழே உள்ளதெல்லாம் அதைச் செய்யும் முறை.

பொலேரோ பிக்கப், டாடா ஏஸ், தோஸ்த் போல இன்ஜினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போகும் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சக்தி போகும் பாதையை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின்பக்கம் போகும் நீளக் குழாய்), டிஃப்ரன்ஷியல் (சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரிப்பது; அதற்குள்தான் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும்), இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட், சக்கரம். புது வண்டியிலேயே பல்லுக்கும் பல்லுக்கும் இடையே துளி இடைவெளி இருக்கும், இருக்கவும் வேண்டும். லட்சக்கணக்கில் ஓடிய பிறகு ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கூடி, எல்லாம் சேர்ந்து ஒரே ‘டக்’காகக் கேட்கிறது. அதில் பெரிய பங்கு யாருடையது என்று பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். சமதளமான சிமென்ட் தரையில், சரக்கை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பொதுவாகப் பின்சக்கரத்தைத்தான். பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிரேக்கை நம்பி வண்டி நிற்காது. இன்னொன்று, பலர் யோசிக்காதது: புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும் கியரில் போட்டு நிறுத்துவதற்கு அர்த்தம் இல்லை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே கிடையாது. கட்டை இல்லாமல் சரிவில் ஷாஃப்டைக் கழற்றி, வண்டி தானாக நகர்ந்த கதைகளை எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் முன்கூட்டிச் சொல்லாமல் நொறுங்கும், அவற்றின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். மண்ணும் துருவும் நேராகக் கண்ணில்தான் விழும் என்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், சர்க்ளிப் (பாகம் நழுவாமல் காடியில் நிற்கும் வளையம்) எடுக்கும் பிளையர், கிரீஸ் கன், சுத்தியல், நல்ல டார்ச், ஒரு சாக்பீஸ், வெள்ளை பெயின்ட் கொஞ்சம். இவை இருந்தால் பாதி வேலை வீட்டிலேயே முடியும். டார்க் ரெஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது. வைஸ் (பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாதவர்கள் லேத் பட்டறையில் கேட்டால் பத்து நிமிடம் பயன்படுத்தக் கொடுப்பார்கள்.

ஓட்டிக் கேட்பது

கூட்டமில்லாத நேரான சாலையில், இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். சத்தம் எது என்பதைவிட அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

நடக்கும் வேகத்தில் ‘கீச் கீச்’ என்று சக்கரத்தோடு சேர்ந்து வேகம் கூடினால், யூ.ஜே. கிராஸின் ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்க வாய்ப்பு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்கிறதா? சமதளச் சாலையில், அதே வேகத்தில், இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இன்ஜின் வேகம் குறைந்தும் அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜினையும் கிளட்சையும் விட்டுவிட்டு, ஷாஃப்ட், சென்டர் பேரிங், டயர் பக்கம் தேட வேண்டும். மலை இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

ஊளை போன்ற சத்தம் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறினால் டிஃப்ரன்ஷியலைச் சந்தேகப்படலாம். வளைவில் வண்டியின் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் இரைந்தால் அந்தக் கியரின் பற்கள். பின்சக்கர இழுவை கொண்ட 5 கியர் வண்டிகள் பலவற்றில் 4-வது கியர்தான் நேர்கியர்: சக்தி அடிஷாஃப்ட் (கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணை ஷாஃப்ட்) வழியே சுற்றிப் போகாமல் நேராகப் போகும். அதனால் மற்ற கியர்களில் இரைந்து 4-வதில் அடங்கினால், அடிஷாஃப்டின் பேரிங்கையோ பற்களையோ பார்க்கச் சொல்லுங்கள்.

சாக்பீஸ் சோதனை

முன்சக்கரங்களுக்குக் கட்டை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது யாராவது தெரியாமல் கியரில் ஸ்டார்ட் செய்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்துவிடும்.

இப்போது முதல் கியர் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தரையில் உள்ள சக்கரமும் இன்ஜினும் பிடித்திருப்பதால் இது முழுச் சுற்றுச் சுற்றாது, கொஞ்ச தூரம் போய் இடித்து நிற்கும். டயரில் அந்த இரண்டு எல்லைகளையும் சாக்பீஸால் குறியுங்கள். இதுதான் மொத்த ஆட்டம்.

அப்புறம் உதவிக்கு வந்தவரைச் சக்கரத்தை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அடியில் போய் ஒவ்வொரு இணைப்பிலும் கை வையுங்கள். விரல் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள். ஒரு ஜாயின்டின் இந்தப் பக்கம் அசைந்து, அந்தப் பக்கம் அசையாமல் ஒரு கணம் நின்றால், ஆட்டம் அங்கேதான். பினியன் ஃபிளாஞ்ச் (ஷாஃப்டை டிஃப்ரன்ஷியலோடு போல்ட் போட்டுப் பூட்டும் தட்டு) நிற்க, சக்கரம் மட்டும் நிறைய ஆடினால் கிரவுன், ஸ்பைடர் கியர் (டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னக் கியர்கள்), ஆக்சில் பக்கம். ஷாஃப்ட் முழுதும் ஒன்றாகவே அசைந்து கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சும் கூடவே ஆடினால் கியர்பாக்ஸ் பக்கம். என் வண்டியில் பின் யூ.ஜே.யில் கையை வைத்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. கிரவுனுக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

அதே நேரத்தில் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரையும், பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டுகளையும் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தாலோ யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ கேட்பதும் இதே ‘டக்’தான்.

யூ.ஜே. கிராஸ்

ஒரு கூட்டல் குறி, அதன் நாலு முனையிலும் ஊசி பேரிங் நிறைந்த நாலு கிண்ணம். இவ்வளவுதான் இந்தப் பாகம். 1903-ல் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர் மோட்டார் வண்டிக்கான இந்த ஜாயின்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பல கார்கள் சைக்கிள் மாதிரிச் செயினில்தான் ஓடின. உதிரிபாகக் கடையில் கிராஸ் கேட்டால் வரும் சில டப்பாக்களில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

சோதனை எளிது. ஜாயின்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். மேலும் கீழுமாக ஒரு கம்பியால் நெம்புங்கள். கண்ணுக்குத் தெரிகிற அசைவு எதுவாக இருந்தாலும் கிராஸ் முடிந்தது என்று அர்த்தம். கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரிச் சிவப்புத் தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் துருப்பிடித்து அரைகின்றன.

நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) உள்ள கிராஸ் என்றால், ஆட்டம் வருவதற்கு முன் கிரீஸ் அடிப்பதுதான் பராமரிப்பு. லித்தியம் ஈ.பி-2 கிரீஸ் போதும். நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். நாலு கிண்ணத்தின் ஓரத்திலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பி, அந்தக் கிண்ணத்தின் பாரத்தைக் குறைத்து மறுபடி அடியுங்கள். அப்படியும் வராத கிண்ணம் காய்ந்துகொண்டிருக்கிறது. நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிக்கிறேன். தண்ணீருக்குள் வண்டியை இறக்கினால் கணக்குப் பார்க்காமல் மறுநாளே. நிப்பிள் இல்லாமல் மூடி வரும் கிராஸில் கிரீஸ் அடிக்க வழி இல்லை, ஆட்டம் வந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதற்கு முன், ஸ்பேனரை எடுக்கும் முன்னாலேயே, வெள்ளை பெயின்டை எடுங்கள். ஷாஃப்ட், ஃபிளாஞ்ச், சறுக்கும் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரி), எல்லா இணைப்பிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். காரணம் இருக்கிறது. சாய்வாக இணைந்த யூ.ஜே. ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கொஞ்சம் முந்தி, இரண்டு தடவை கொஞ்சம் பிந்தும். மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதற்கு நேர் எதிராகச் செய்து சமன் செய்கிறது. இரண்டு முனையின் கவைகளும் (கிராஸைப் பிடிக்கும் ‘யோக்’) ஒன்றுக்கொன்று சரியான நிலையில் இருந்தால்தான் இது நடக்கும். ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளிப் போட்டாலும் புதுக் கிராஸோடு புது அதிர்வும் வந்து சேரும். ஷாஃப்டில் சின்னத் தகடு பற்றவைத்திருந்தால் அது எடை சமன் செய்ய வைத்தது, தட்டி எடுத்துவிடாதீர்கள்.

இனி கழற்றலாம். பின் ஃபிளாஞ்சின் நாலு போல்ட்டையும் எடுங்கள். கடைசிப் போல்ட்டின்போது ஷாஃப்டை ஒரு கையால் தாங்குங்கள், அது நினைத்ததைவிட கனம். வைஸில் வைத்து, கிண்ணங்களைச் சுத்தம் செய்து, நாலு சர்க்ளிப்பையும் எடுங்கள். ஒரு பக்கம் கிண்ணத்தைவிடச் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் கிண்ணம் உள்ளே போகும் அளவு பெரிய சாக்கெட். வைஸை இறுக்கினால் சிறியது தள்ள, எதிர்ப்பக்கக் கிண்ணம் பெரியதற்குள் வந்துவிடும். ஷாஃப்ட் குழாயையே வைஸில் இறுக்காதீர்கள், நசுங்கினால் ஷாஃப்டே போச்சு.

புதுக் கிண்ணத்தைத் திறந்ததும், ஊசிகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்திருந்தாலும் கிண்ணம் முழுதாக உட்காராது, சர்க்ளிப் காடியில் விழாது. அப்போது சுத்தியலை எடுப்பவர்கள்தான் அதிகம். அடிக்காமல் கிண்ணத்தை வெளியே எடுத்து ஊசியை நிமிர்த்துங்கள். கிராஸை நடுவில் பிடித்தபடி இரண்டு பக்கக் கிண்ணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, சர்க்ளிப்பைப் போடுங்கள். நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கமாக இருக்க வேண்டும். பூட்டிய பிறகுதான் நினைவு வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன்.

எல்லாம் போட்ட பின் கவையின் மேல் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு. ஜாயின்ட் நாலு பக்கமும் கையால் வளைய வேண்டும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், ஆனால் எங்கும் சிக்கக் கூடாது. ஃபிளாஞ்சுக்கு வந்த அதே ரக உயர்பலப் போல்ட்டையே போடுங்கள். தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எண் இல்லாத போல்ட் இங்கே ஆகாது. நட்டு புதிதாக இருக்கட்டும்.

பின்பக்கம் பாரம் தாங்கவில்லை என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது நம் ஊரில் சகஜம். அதனால் வெறும் வண்டியில் பின்பக்கம் தூக்கி நின்று, ஷாஃப்டின் சாய்வு மாறுகிறது. கிராஸ் அடிக்கடி போகிறது என்று புலம்புகிறவர்கள், கிராஸ் கம்பெனியைத் திட்டும் முன் பட்டையை எண்ணிப் பார்க்கலாம்.

சென்டர் பேரிங்

இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் நடுவில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் பேரிங் தொங்கும். ஷாஃப்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். ரப்பர் மென்மையாக அழுந்தித் திரும்ப வர வேண்டும். கிழிந்து தொங்கினால், பாரத்தோடு கிளம்பும்போது வண்டி முழுக்க உதறும். பேரிங்கை மாற்றுகையில் ஷாஃப்டை இரண்டாகப் பிரிப்பதால், பெயின்ட் கோடு இங்கே இன்னும் முக்கியம். சறுக்கும் ஸ்பிளைனுக்கு நிப்பிள் இருந்தால் அதற்கும் கிரீஸ். ஸ்பிளைனிலேயே பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் கிரீஸ் அடித்துக் குணமாகாது.

ஆயில்

கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் இரண்டிலும் ஒரே விதி: முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள். அது திறந்த பிறகே அடிப் பிளக். மேலே உள்ளது துருப்பிடித்து வராமல் போய், கீழே ஆயிலையெல்லாம் இறக்கிவிட்டால், நகர்த்த முடியாத வண்டியோடு முற்றத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

பத்துக் கிலோமீட்டர் ஓட்டிச் சூடேறிய ஆயில் நன்றாக வடியும், சுடும் என்பதையும் மறக்க வேண்டாம். வடிந்ததை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். வண்டியின் உள்ளே நடப்பதைக் கழற்றாமலே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டுப் போடுங்கள். விரலில் குத்தும் சில்லு, பல்லின் துண்டு என்றால் வண்டியை ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸ் ஆயிலில் தங்கத் தூள் மினுக்கினால் கியர் உரசாமல் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையம் தேய்கிறது. பால் காபி நிறம் என்றால் தண்ணீர்.

தண்ணீர் எப்படிப் போகிறது? காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பாரத்தோடு ஏறி இறங்கிய ஹவுசிங்கில் (டிஃப்ரன்ஷியலின் உறை) கை வைக்க முடியாது. அதை நேராக ஓடைக்குள் இறக்கினால், உள்ளே சூடான காற்று சட்டென்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை இழுக்கும். ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது, அது காற்றுப் போய்வர. மண் அடைத்துவிட்டால் இந்த வேலை இன்னும் மோசமாகும். சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவே ஆயில் கசியும். சீல் ஒழுகுகிறது என்று மாற்றும் முன் மூச்சுக்குழலை ஊதிப் பாருங்கள்.

ரகம் என்று வந்தால், வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கிரவுன், பினியன் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல்-5 ரக ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். அதே சேர்மானம் பித்தளை சிங்க்ரோவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் கையேடு கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4 என்று சொல்லியிருந்தால், “இதைவிட உசத்தி” என்று ஜி.எல்-5 ஊற்றச் சம்மதிக்காதீர்கள். ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றும் பழக்கம் இங்கே நிறைய.

சமதளத்தில் நிற்கும் வண்டியில், ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் வந்து மெல்ல வழிந்தால் அளவு சரி. பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். கிணறு இருக்கும் ஊரில் மண்ணில் ஊற்றுவது நமக்கு நாமே வைக்கும் வினை.

கிளட்ச்

பாரத்தோடு மேட்டில் உயர்ந்த கியரில் மிதிக்கும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வண்டி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ரிவர்ஸ் போடும்போது ‘கர்’ரென்று பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இரண்டாவது வகைக்கு உடனே கியர்பாக்ஸை இறக்காதீர்கள். முதலில் பெடலின் ஆட்டம், கேபிள் அல்லது கிளட்ச் சிலிண்டரின் கசிவு, டப்பாவில் ஆயிலின் அளவு, லைனில் காற்று, இவற்றைப் பாருங்கள். பாதி வண்டிகளுக்கு வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். பெடலை மிதிக்காதபோது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்.

கியர்பாக்ஸை இறக்குவது தனியாள் வேலை இல்லை. நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் பட்டியலை நீங்கள் கொடுங்கள். கூலியின் பெரும்பகுதி இறக்கி ஏற்றத்தான் போகிறது. இறக்கிய பிறகு கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ரிலீஸ் பேரிங்கை அப்படியே விடுவது சிக்கனம் ஆகாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நாலும் சேர்த்தே. ஃபிளைவீல் முகத்தில் நீலத் திட்டு, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் பின்சீல் கசிந்தால் இப்போதே மாற்றுங்கள், புதுப் பிளேட்டில் ஆயில் பட்டால் அதுவும் வழுக்கும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது.

கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் டிரைவர் இருந்தால் இதெல்லாம் சீக்கிரமே மறுபடி வரும். மேட்டில் வண்டியைக் கிளட்சில் தாங்கி நிறுத்தாமல் ஹேண்ட்பிரேக்கில் நிறுத்திக் கிளம்பப் பழகுங்கள், பழக்குங்கள்.

கிரவுனும் ஆக்சிலும்

இங்கே வீட்டு வேலையின் எல்லை வந்துவிடுகிறது. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும். இரண்டுக்கும் இடையே வைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். டயல் கேஜ் (இந்த நுண்ணிய இடைவெளியை அளக்கும் கருவி) இல்லாத பட்டறையில் இதைத் திறக்க விடாதீர்கள்.

பினியன் சீல் ஒழுகினால், ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பழுது பேரிங்கில், சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமே ஒழுகும். “நட்டை ஒரு சுத்து இறுக்கிட்டேன், ஆட்டம் போச்சு” என்று யாராவது சொன்னால் பயப்படுங்கள். பல வண்டிகளில் அந்த நட்டுக்கு உள்ளே நசுங்கிக் கொடுக்கும் ஒரு ஸ்லீவ் இருக்கிறது. பேரிங்கின் இறுக்கத்தை அதுதான் நிர்ணயிக்கிறது. கண்மூடி இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெட்டுப்போகும். பேரிங் மாற்றும்போது ஸ்லீவும் புதிது.

பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் தனியாகத் தெரியும், அப்படியென்றால் ஆக்சில் சீல். நாற்றம் அப்படி இல்லாமல் நீர்த்த ஈரமாக இருந்தால் பிரேக் சிலிண்டர். எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, இரண்டுமே பிரேக் ஷூவை நனைக்கும்.

செலவே இல்லாத ஒன்று: இடது பின்டயர் புதுசு, வலது வழுக்கை என்று ஓட்டாதீர்கள். சுற்றளவு மாறுவதால் நேர் சாலையிலும் உள்ளே ஸ்பைடர் கியர்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பழைய பாகம் வாங்கும்போது

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய கியர்பாக்ஸும் ஹவுசிங்கும் கிடைக்கும். நான் வாங்கியிருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கிரவுன் பற்களையும் பினியன் பற்களையும் எண்ணாமல் வாங்காதீர்கள். கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.1. உங்கள் வண்டியில் இருப்பது வேறு கணக்கு என்றால், பூட்டிய பிறகு மேட்டில் திணறும், அல்லது சமதளத்தில் இன்ஜின் கத்தும். ஃபோர் வீல் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே கணக்கு இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது உடையும். ஆக்சில் ஷாஃப்டின் ஸ்பிளைனையும் எண்ணுங்கள். பேரிங், சீல், கிராஸ் மூன்றையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் எந்த இடத்துக்கு நேராகக் கறை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் கசிவைத் தேட வேண்டியதில்லை. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளாஞ்ச் போல்ட், யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கிளவ் பாக்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும்: தேதி, கிலோமீட்டர், என்ன போட்டோம், என்ன ரக ஆயில், சாக்பீஸ் குறிகளுக்கு இடையே எத்தனை விரல் அகலம். கிரவுன் மாற்றிய பிறகும் மூன்று விரல் இருந்த என் வண்டி, கிராஸ் மாற்றிய அன்று ஒரு விரலுக்கு வந்தது. நேற்றுப் பார்த்தேன், ஒன்றரை.